பாட்டுக்குப் பின்னால் மயிலாள்

மங்கலத்து மாரப்பன் வீட்டுக்குப் புதிதாக ஓர் ஒயர் வந்தாலும் சரி, ஒரு ஜோடி ஸ்பீக்கர் வந்தாலும் சரி, அதில் முதலில் ஓடுவது ஒரே பாட்டுதான். "வேற ஏதாச்சும் போடுங்க மாமா" என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். மாடு வாங்கப் போகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார் இல்லையா, அப்படி அவருக்கு அந்தப் பாட்டு. அதில் தேறாத செட்டு, வேறு எதை எவ்வளவு அழகாகப் பாடினாலும், வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அப்படி என்ன அதிசயப் பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஊரெல்லாம் கேட்டுச் சலித்த பழைய ரேடியோப் பாட்டு. பதிவும் சுமார்தான், ஆரம்பத்தில் அறிவிப்பாளர் பேச்சு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் மாரப்பனின் காது பாட்டோடு நிற்காது. பாட்டைத் தாண்டி அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருப்பவள் மயிலாள், அவருடைய சம்சாரம்.

கல்யாணமான புதிது. மாரப்பன் அப்போது கூலிக்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறிகள் ஓடும் குடோனை ஒட்டி வரிசையாக இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடித்தனம். மயிலாள் வீட்டில் உட்கார்ந்தபடியே பனியன் பிசிறு வெட்டுவாள். திருப்பூர் கம்பெனிகளில் தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூலையெல்லாம், விரல் நீளக் கத்தரியால் நறுக் நறுக்கென்று வெட்டி எடுக்கும் வேலை. இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். இருந்தும் தறி ஓடுகிற நேரத்தில் பேச்சு என்பதே கிடையாது. பேசினால் கேட்டால்தானே!

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மங்கலத்தில் கரண்ட் போனால் ஊருக்கே புதுக் காது முளைத்த மாதிரி இருக்கும். அத்தனை தறியும் ஒரேயடியாக நிற்கும். அதுவரை இருப்பதே தெரியாத காக்காயும் குழந்தையும் குழாயடிச் சண்டையும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாரப்பன், கூட்டாளியிடம் இரவல் வாங்கி வைத்திருந்த பேட்டரி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பேட்டரி ரேடியோவுக்கு முன்னால் அதை வைத்தார். அவருக்குப் பிடித்த பாட்டு வரப்போவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாதே என்று மயிலாளுக்குக் கையைக் காட்டிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

மயிலாள் சத்தம் போடவில்லைதான். மூலையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணம் வந்தபோது தன்னை மறந்துவிட்டாள். ரேடியோவில் பாடுகிறவளோடு சேர்ந்து, தாழ்ந்த குரலில், அவளும் பாட ஆரம்பித்துவிட்டாள். தன் பெண்டாட்டி பாடுவாள் என்பதே மாரப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆசையோடு திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், நடுவரியில் அவள் பாட்டு அறுந்தது. மயிலாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு அவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துக்கொண்டு பார்த்தார், தீபாவளிக்குக் கேட்காமலே சேலை எடுத்துக் கொடுத்தும் பார்த்தார். "ஏனுங்க, எனக்கெங்கீங்க பாட்டு வரும்? அன்னைக்கு என்னமோ வாய் தவறி வந்துருச்சு" என்று முடித்துவிடுவாள். ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாட வேண்டுமென்றால் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். பிறவிக் கூச்சம். யார் என்ன செய்ய முடியும்? மாரப்பனுக்கு மிஞ்சியது அந்தக் கேசட் ஒன்றுதான்.

பிற்பாடு அவர் சொந்தமாகத் தறி போட்டார். குடோனுக்கு எதிரிலேயே வீடும் கட்டினார். மயிலாளும் குடோனுக்கு வந்து தார் சுற்றினாள், அதாவது தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடும் நாடாவுக்குள் போகும் நூலைக் குச்சிகளில் சுற்றிக் கொடுத்தாள். தறிக்காரர்களுக்கென்று ஒரு பேச்சு முறை உண்டு. அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. ஆகவே கத்த மாட்டார்கள். உதட்டை நன்றாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார். மாரப்பன் அதில் பலே ஆள். குடோனின் அந்தக் கோடியிலிருந்து மயிலாள் உதட்டால் "சோறு ஆறுதுங்க" என்றால், இந்தக் கோடியிலிருந்து உதட்டாலேயே "செரி, வர்றேன்" என்பார். அவர்கள் குடித்தனத்தில் பாதிப் பேச்சு இப்படிச் சத்தமே இல்லாமல் நடந்து முடிந்தது.

பாட்டுச் செட்டுப் பித்து பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். இரவல் டேப்பில் மயிலாளின் குரல், அது இருக்கிறதென்று தெரிந்தவருக்கு மட்டுமே கேட்கும். சொந்தமாக முதல் செட்டு வாங்கியபோது அவள் குரல் ரேடியோக் குரலைவிட்டுத் தனியாகப் பிரிந்து வந்தது. அடுத்து ஒரு செட்டு வாங்கினார். அதில் கத்தரி கேட்டது! நறுக், நறுக், சற்று நின்று, மறுபடி நறுக். அந்த இடைவெளியில் அவள் பனியனைத் திருப்பிப் போடுகிறாள் என்று மாரப்பனுக்குத் தெரியும். அதற்கும் பிறகு திருப்பூரில் சனாவுல்லா என்பவரின் கடை பழக்கமானது. ஆம்ப்ளிஃபையரைத் தானே கட்டித் தருகிற ஆள். அவர் கட்டிய ஆம்ப்ளிஃபையரும் தேக்குமரப் பெட்டி ஸ்பீக்கரும் வந்த அன்று, மாரப்பன் தலைகால் புரியாமல் சமையல்கட்டுக்கு ஓடினார்.

"மயிலா, நீ பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னால மூச்சு இழுக்கற பாரு, அது கேக்குது!"

"மூச்சு இழுக்கறதுக்கா இத்தனை குதி குதிக்கறீங்க? மூச்சு நின்னாத்தானுங்க ஊரைக் கூட்டோணும்" என்றாள் மயிலாள், கரண்டியை வைக்காமலே.

அவருக்கு அந்த மூச்சு என்னவாக இருந்தது என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை. அந்த மூச்சுக்கும் அவர் திரும்பிப் பார்த்ததற்கும் நடுவே இருந்த சிறு நேரம், அவர் ஆயுளிலேயே மயிலாள் அவருக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் இருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டுவிடுவார். கண்ணைத் திறந்தால் எங்கே நின்றுவிடுமோ என்று பயம்போல.

அதுதான் உச்சம். பிறகு எல்லாம் இறக்கம். முதலில் மூச்சு போனது. கேசட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தார். மிச்சமாவது இருக்கட்டும் என்று சனாவுல்லாவிடம் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வாங்கினார். பிறகு கத்தரி மங்கியது. "பென்டிரைவ்ல ஏத்தறப்ப கத்தரிய உட்டுட்டீங்க பாய்" என்று அவரிடமே போய்ச் சண்டை போட்டார். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரை மூலைக்கு நகர்த்தினார், மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டார். பாட்டு ஓடும்போது ஃபேன் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டார், சித்திரை வெயிலில் வீடே வெந்தது. செட்டு ஏறிக்கொண்டே போனது, பாட்டு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டாம் சரணத்தில் ரேடியோக்காரி மட்டும் பாடினாள். மயிலாளைக் காணோம்.

வால்யூமைக் கூட்டினால் ரேடியோக்காரிதான் கத்தினாள். அவளுடைய சத்தத்தில் மயிலாள் இன்னும் ஆழத்துக்குப் போனாள். மாரப்பனுக்குத் தன் பெண்டாட்டி அந்தப் பாட்டுக்குள்ளிருந்து எழுந்து, துணியை உதறிக்கொண்டு, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று பட்டது. நேரில் பாடாதவள். இதிலும் இல்லாமல் போய்விட்டால் அந்தக் குரலை அவர் வேறெங்கே போய்த் தேடுவார்? கேட்டால் சிரிப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டிக்காக ஏங்குகிறேன் என்று ஓர் ஆண்பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே யாரிடமும் சொல்லாமல் இன்னும் நல்ல செட்டாக ஒன்று வாங்கினார். அதிலும் மயிலாள் இல்லை. அடுத்த சனிக்கிழமையே அதைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். செட்டை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, மகள் தமிழ்மதியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். தமிழ்மதி திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அன்றைக்கு லீவு.

"பாய், இது சரிப்படாதுங்க. என்ற பாட்டு இதுல சுத்தமா வர்றதில்ல" என்றார் மாரப்பன், கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

"இதவிட நல்லது எங்கிட்ட இல்லீங்ணா. உக்காருங்க, போட்டுப் பாத்துருவோம்" என்றார் சனாவுல்லா. பென்டிரைவை வாங்கிச் செருகினார். அவருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். இத்தனை வருஷம் எத்தனை முறை ஓடியிருக்கும் அந்தக் கடையில்!

பாட்டு ஓடியது. மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். இரண்டாம் சரணம் வந்தது, போனது. கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

சனாவுல்லா அவரைக் குழப்பத்தோடு பார்த்தார். "கத்தரி கேக்குதேங்ணா. அக்கா பாடறது நல்லாவே கேக்குதுங்களே."

"யாவாரத்துக்காகப் பொய் சொல்லாதீங்க பாய்."

"எனக்கும் கேக்குதுங்கப்பா" என்றாள் தமிழ்மதி. "ரொம்ப கிளியரா இருக்குது. அம்மா காத்தால சமையல்கட்டுல பாடற மாதிரியேதான். குரல் மட்டும் இதுல சின்னப் புள்ளைக் குரலா இருக்குது."

மாரப்பன் மகளை முறைத்தார். "எந்தச் சமையல்கட்டுல? உங்கம்மா எங்க பாடறா?"

"என்னங்கப்பா இப்படிக் கேக்கறீங்க? தெனமும் பாடறாங்க. நீங்க ஹால்ல பேப்பர் படிச்சுட்டு இருக்கறப்பத்தான் பாடறாங்க. இதே பாட்டக்கூடப் பாடுவாங்க."

மாரப்பன் ஸ்பீக்கரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சனாவுல்லா அவருக்குப் பின்னால் இருந்த அலமாரிப் பக்கம் போனார். அங்கே நின்றபடி, "அண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்றார். மாரப்பன் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக, "டீங்களா, காப்பீங்களாண்ணா?" என்றார். மாரப்பன் அசையவில்லை. தமிழ்மதிக்கு முகம் மாறியது. வீட்டில் அவள் எத்தனையோ முறை பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். அப்பா பாட்டு நினைப்பில் இருக்கிறார் என்று அவளும் அம்மாவும் விட்டுவிடுவார்கள்.

சனாவுல்லா முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல், "டீங்களாண்ணா?" என்றார்.

"டீயே சொல்லுங்க பாய்" என்றார் மாரப்பன் உடனே.

சனாவுல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். சின்ன வயதில் அவரும் மங்கலத்தில் தறி ஓட்டியவர்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணா. செட்டு மேல குத்தமில்ல. நீங்க எங்க பேச்சயெல்லாம் கண்ணுல கேக்கறீங்க. ஸ்பீக்கருக்கு உதடு இல்லீங்களேண்ணா."

கோபித்துக்கொள்ளாதே என்றால் கோபம் போய்விடுமா? மாரப்பன் வந்த டீயைக்கூடக் குடிக்காமல், பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்கூட்டரில் ஏறி மங்கலம் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்மதி வழியெல்லாம் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாளாம். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, "நான் சொன்னதுக்கு ஒண்ணுமே சொல்லலீங்களேப்பா" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதுதான் அவருக்கு அது தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்குக் காற்றுச் சத்தம் மட்டுந்தான் கேட்டிருந்தது. அந்த இடத்திலேயே கோபம் வடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பேப்பரை விரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். ஒரு செய்தியும் மனதில் ஏறவில்லை. பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். மயிலாள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். தலை லேசாக ஆடியது. பக்கவாட்டில் தாடை அசைவது தெரிந்தது. தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அது அந்த மூச்சு! மாரப்பனுக்குக் கண்ணால் பார்த்தே தெரிந்துவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கரண்டி சட்டியில் இடிப்பது கேட்டது. வெளியே லாரி போவது கேட்டது. மயிலாள் மட்டும் கேட்கவில்லை. எட்டி அவள் தோளைத் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில் அவள் பாடிக்கொண்டிருந்தாள், அவர் ஊமைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உப்பு எடுக்கத் திரும்பியவள் அவரைப் பார்த்துவிட்டாள். வாய் சட்டென்று மூடிக்கொண்டது. "என்னங்க, காப்பி வேணுங்களா?"

"மயிலா, நீ தெனமும் பாடுவியா?"

மயிலாளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. "இதென்னங்க இன்னைக்கு வந்து கேக்கறீங்க? எத்தனையோ வருஷமாப் பாடீட்டுத்தான இருக்கறேன். திரும்பிப் பாத்தா நிறுத்திருவேன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்காகத்தான் பேப்பர்ல மூஞ்சிய மறைச்சுட்டு உக்காந்து கேக்கறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குன்னுதானுங்க பாடறது. அடுப்புக்கா பாடுவாங்க?"

மாரப்பன் உள்ளதைச் சொன்னார். சனாவுல்லா கடையில் நடந்தது, ஸ்கூட்டரில் நடந்தது, இப்போது வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல் பார்த்தது. "ஒரு நாளும் எனக்குக் கேக்கல மயிலா. ஒரு நாளும் கேக்கல" என்றபோது குரல் உடைந்துவிட்டது. மயிலாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் தான் பாடியது எங்கே போய் விழுந்தது என்று யோசித்தாளோ என்னவோ, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தமிழ்மதி அவரைத் திருப்பூரில் காது பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதே சத்தந்தான் போடுவார்களாம், அதில் எது கேட்கிறது எது கேட்கவில்லை என்பதை வைத்துக் காதை எடைபோடுவார்களாம். மாரப்பனுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை காலம் ஸ்பீக்கருக்கு அவர் வைத்த பரீட்சையை இப்போது அவருக்கே வைக்கிறார்கள்! அவரும் ஒழுங்காகத் தேறவில்லை. மெல்லிய சத்தமெல்லாம் தறியோடு போய்விட்டது, போனது திரும்பாது என்றார் டாக்டர். காதுக்கு மிஷின் மாட்டினால் பேச்சு இப்போதைவிடத் தெளிவாகக் கேட்கும், மற்றதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார். மாரப்பன் கேட்டது ஒன்றுதான். "சமையல்கட்டுல பாடறது ஹாலுக்குக் கேக்குங்களா?" டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

மிஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள். அது வருவதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. குடோன் ஓய்ந்து கிடந்தது. சாப்பிட்டு முடித்த மாரப்பன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார், பழைய செட்டுப் பக்கம் கை போகவில்லை. அதில் என்ன போட்டு என்ன?

மயிலாள் வந்தாள். ஒரு ஸ்டூலை எடுத்து அவர் முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரில் போட்டு உட்கார்ந்தாள். முகம் கழுவித் தலை சீவியிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவள் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள்.

"போடுங்க பாட்ட" என்றாள்.

மாரப்பன் போட்டார். முதல் சரணம் முழுக்க அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணம் வந்ததும் தலையை நிமிர்த்தினாள். தோள் ஏறி இறங்கியது. அவர் கண்ணை நேராகப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள்.

கேட்டது! ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தாழ்ந்த அந்தக் குரல், வரியின் கடைசியில் சற்று இழுக்கும் இழுப்பு, அன்றைக்கு அறுந்துபோன இடம், அதைத் தாண்டி இதுவரை அவர் கேட்டேயிராத மிச்ச வரி எல்லாம் கேட்டது. மாரப்பனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "கேக்குது மயிலா! நல்லாக் கேக்குது!" என்று கத்தினார்.

கத்தலைக் கேட்டுத் தமிழ்மதி தன் அறையிலிருந்து வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்கப்பா கேக்குது? அம்மா வாய மட்டுந்தான அசைக்கறாங்க?"

மயிலாள் தலையைக் குனிந்துகொண்டாள். "மூஞ்சியப் பாத்துட்டுப் பாடலாம்னுதானுங்க வந்தேன். சத்தம் வர மாட்டீங்குது. அதான் குடோன்ல பேசற மாதிரி..." என்றாள்.

மாரப்பன் செட்டை நிறுத்தினார். வீடு அமைதியானது. அப்படியானால் இவ்வளவு நேரம் கேட்டது யாருடைய குரல்? லைன் வீட்டு மூலையில் பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவளுடையது. நெஞ்சுக்குள் பத்திரமாக இருந்த அந்தக் குரலை எடுத்து எதிரில் அசைந்த உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படியே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம், ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரில் இருக்கிறவளுக்கு மூக்கின் இருபுறமும் கோடு விழுந்துவிட்டது, முன்நெற்றி முடி நரைத்துவிட்டது. இவள் குரல் எப்படி இருக்கும்? தினமும் விடிந்ததும் எழுந்து இத்தனை வருஷம் அவருக்கென்று பாடியவள் இவள்தானே. அவளை ஒருமுறைகூடக் கேட்காமல் போய்விடுவதா?

"அது எனக்கு மனப்பாடம் மயிலா" என்றார். "இப்ப இருக்கற உன்ற குரல் வேணும். நான் கண்ண மூடிக்கறேன். உனக்குக் கூச்சமும் இருக்காது. என்ற காதுகிட்ட வந்து பாடு."

"கண்ண மூடிட்டா உங்களுக்குக் கேக்காதுங்களே."

"கேக்கற வரைக்கும் கேக்கட்டும்."

தமிழ்மதி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டூல் நகர்ந்தது காலில் தெரிந்தது. தோளில் ஒரு கை விழுந்தது. முதலில் காதில் பட்டது சூடான மூச்சு. பிறகு எங்கோ தூரத்தில் ரேடியோ சரியாகப் பிடிக்காததுபோல ஒரு குரல், விட்டுவிட்டு வந்தது. பாதிச் சொற்கள் வரவில்லை. கரகரப்பாக இருந்தது, மேலே போக வேண்டிய இடத்தில் உடைந்தது, உடைந்த இடத்தில் கொஞ்சம் இருமியது. பாட்டில் இருந்தவளின் குரல் இல்லை அது. அவருக்கு முன்பின் பழக்கமில்லாத குரல்.

மாரப்பனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்போல மனது கிடந்து தவித்தது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சரணம் முடியும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.